மற்றும் குழுவினர்

புதுப்பாட்டு வெளியாகிற நாளில், மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் சித்தி யாரையும் வீட்டுக்குள் விடமாட்டாள். விடிவதற்கு முன்பே மரக்காணம் உப்பளத்தில் இறங்கி, பாத்தி பாத்தியாக உப்பு வாரிவிட்டு, வெள்ளை பூத்த காலோடு வந்து உட்கார்ந்து போனைச் சுவரில் சாய்த்து வைப்பாள். கொரியாவில் அப்போது மாலை ஆறு. அவளுடைய பாடகியின் பாட்டு வருகிற நேரம்.

அந்தப் பாடகியைச் சித்திக்கு அறிமுகம் செய்தவள் நான்தான். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். "அவங்களோட முதல் ஆல்பம் வந்துடுச்சு சித்தி" என்று நான் குதித்தபோது, "மாப்பிள்ள யாருடி?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம்தான். அப்படிக் கேட்டவள் பிறகு என்னைவிடப் பைத்தியமாகிவிட்டாள். அது ஐந்து பெண்கள் கொண்ட குழுவின் ஆல்பம்; அதில் அந்தப் பாடகி பின்வரிசை. ஒரு பாட்டில் இரண்டு வரி கிடைத்தால் அதிகம். குழு கலைந்ததும், ஒப்பந்தத்தைக் காட்டிக் கம்பெனி அவளை இரண்டு வருஷம் பாடவிடாமல் உட்கார வைத்தது. "வாயைக் கட்டிப் போட்டுட்டானுங்க பாவிங்க" என்று பக்கத்துப் பாத்தியில் வேலை செய்தவர்களிடமெல்லாம் சித்தி புலம்பினாள். கடைசியில் அந்தப் பாடகியே எழுதி, தன் பெயரைப் போட்டுத் தனி ஆல்பம் வெளியிட்டபோது சித்தி அழுதாள். அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, "இந்த எழுத்துதான் அவ பேரா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம்தான் எங்கள் பங்குக் கோயிலில் மாதா திருவிழாவுக்குப் புதுப்பாட்டு பதிவு செய்தார்கள். சித்தி பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். பாண்டிச்சேரி ஸ்டுடியோவில் மூன்று சரணத்தையும் தனியாகப் பாடினாள். அந்த உச்சம் வேறு யாருக்கும் எட்டவில்லை. பாட்டு யூடியூபில் வந்தது. எழுத்து, இசை, தயாரிப்பு என்று மூன்று இடத்தில் பாட்டு மாஸ்டரின் பெயர். பாடியவர்கள் என்ற இடத்தில் மாஸ்டருடைய மகளின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'மற்றும் குழுவினர்'. அந்த மகள் பல்லவியில் மற்றவர்களோடு சேர்ந்து நின்றதோடு சரி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய் மாஸ்டரிடம் கேட்டேன். "கோயில் காரியத்துல பேரு எதுக்கும்மா? ஆண்டவருக்குத் தெரியாதா? தாழ்ச்சி வேணும்" என்றார். தாழ்ச்சியாம். தன் பெயரை மூன்று முறை போட்டுக்கொண்டவர் அடுத்தவளுக்குத் தாழ்ச்சி சொல்லித் தருகிறார். 'பாடியது என் சித்தி' என்று காணொளிக்குக் கீழே கமென்ட் போட்டேன். அழித்தார்கள். மறுபடி போட்டேன். கமென்ட் போடும் வசதியையே மூடிவிட்டார்கள். எங்கோ இருக்கிற கம்பெனியை அப்படித் திட்டினோமே, இவர்கள் மட்டும் எந்த விதத்தில் மேல்? அங்கேயாவது ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருந்தது.

சித்தி சண்டைக்குப் போகவில்லை. அடுத்த திருவிழா ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள், போனாள். பல்லவியை எல்லோரோடும் சேர்ந்து பாடினாள். சரணம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். கீபோர்டு மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. "பாடும்மா" என்றார் மாஸ்டர்.

"குழுவினர் பாடட்டும் சார்" என்றாள்.

அந்த வருஷக் கொடியேற்றத்துக்குப் பழைய பதிவையே ஒலிபெருக்கியில் போட்டார்கள். சித்தி கூட்டத்தில் நின்று தன் குரலைத் தானே கேட்டாள். இன்றுவரை அதையேதான் போடுகிறார்கள், பெயரை மட்டும் சேர்க்கவில்லை.

இதை எழுதி முடித்துப் போனில் சித்திக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான்டி. நீயும் சித்தி சித்தின்னுதானே எழுதி வச்சிருக்க?" என்றாள்.

சுருக்கென்றது எனக்கு. அவள் பெயர் ஆரோக்கியமேரி. மூன்று சரணத்தையும் பாடியவர் ஆரோக்கியமேரி.