பெஞ்சை அதிர வைத்த சத்தம்

பத்தாம் வகுப்போடு புத்தகப்பையை இறக்கி வைத்தவன் நான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சாவி கொடுத்து வாங்குகிற வேலை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிற ஆள், இசையைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

தென்காசியில் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு வேனில் வந்து பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். கடலில் மூழ்கிய கப்பலைத் தேடிப் போகிற ஆங்கிலப் படம். கதை கிடையாது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் படகில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வாத்தியார்களுக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கியதும் பேச்சு நின்று இசை வந்தது. வயலினும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. மேலே மெல்லிசாக ஒரு ராகம் இழுபட, அடியில் கனமாக ஒரே சுரம் நின்றது. அது காதுக்கு வருவதற்கு முன்னால் பெஞ்சுக்கு வந்தது. பலகை அதிர்ந்து, தொடை வழியாக வயிற்றுக்குள் ஏறியது. கடலையே பார்த்திராத எனக்கு ஆழம் என்றால் அன்று முதல் அதுதான். அந்தக் கருவியின் பெயர் சிந்தசைசர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

கூடப் படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தேன்மிட்டாய் படம், பம்பரம் படம், மைப் பேனா படம். அதன் கீழே "அந்தக் காலம் வருமா" என்று அழுவது இவர்களுக்குக் காலையில் பல் தேய்ப்பது மாதிரி. அந்தக் காலத்தில் இதே ஆட்கள் எப்போது மணியடிக்கும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். குழுவை ஆரம்பித்தவன் இப்போது பாங்க் மேனேஜர். அவன்தான் அந்தக் கப்பல் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்துப் போட்டான். போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். மேல் ராகம் கொசு மாதிரி ரீங்கரித்தது. அடியில் ஒன்றுமே இல்லை.

குழுவில் எதுவும் எழுதாத நான் அன்றைக்கு ஒரு வரி எழுதினேன். அடியில் கனமாக, பெஞ்சே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் வருமே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

பாங்க்காரன் பேசியே அனுப்பினான். "அப்பிடி ஒண்ணும் கெடையாதுலே. வெளிய ஓடுன ஜெனரேட்டர் சத்தத்தக் கேட்டுட்டு, மியூசிக்குன்னு சொல்லுதான் பாரு."

போலீஸில் இருப்பவன் அவனுக்கும் மேலே போனான். "அவனுக்கு அன்னைக்கு வயித்தால போயிருக்கும். அதாம்லே பெஞ்சு ஆடிருக்கு."

சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் ஜெனரேட்டர் என்றது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இருக்கலாம். ஜெனரேட்டரும் பெஞ்சை ஆட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்தது என்று அந்த ஒரு சத்தம்தான். அதுவும் டீசல் புகை விட்ட சத்தம் என்றால் கையில் என்ன இருக்கிறது?

இந்தச் சாரல் சீசனுக்கு எங்கள் லாட்ஜ் ஹாலில்தான் குழுக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். ஒரே நிறத்தில் சட்டை, அதில் ஒரே வாசகம். தொப்பையில் எழுத்துகள் அகன்று கிடந்தன. சாயங்காலம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுச் சுவரில் அந்தப் படத்தைப் போட்டார்கள். மைக் செட் அண்ணாச்சி ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகளை நிறுத்தியிருந்தார். அவற்றைப் பார்த்ததும் கவுன்ட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவோரம் நின்றேன். போனில் வராத சத்தம் இதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அது இருந்ததே இல்லை.

பாங்க்காரன் மைக்கைப் பிடித்துக்கொண்டான். அதில் எக்கோ வேறு. படத்தில், கப்பலிலிருந்து எடுத்த தட்டுகளைப் படகில் அடுக்கியிருந்தார்கள்.

"அங்கன பாருங்க, தட்டு... தட்டு... தட்டு... நம்ம சத்துணவுத் தட்டு மாரியே இருக்குல்லா... ல்லா... ல்லா..."

படத்தில் ஆட்கள் தண்ணீருக்குள் குதித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. கப்பலோடு மூழ்கிச் செத்தவர்கள் சாப்பிட்ட தட்டைக் காட்டி ஜோக்கடித்துக்கொண்டிருந்தான். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, அந்த மைக்கக் கொஞ்சம் கொறைங்க."

"யாரு சொல்லுதா?"

"நாந்தான்."

ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குமிழைத் திருகினார். பாங்க்காரனின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வந்தது. முதலில் காலுக்கடியில், பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளில், பிறகு என் முழங்காலில். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசின. வாசித்தவர் ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு வேறெங்கோ பார்த்திருப்பார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் இருந்தது. அன்றைக்கும் இதேதான் இருந்தது.

"ஏலே, கேக்குதாலே?" பாங்க்காரன் மைக்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான். "இந்தச் சத்தத்தத்தாம்லே நான் அன்னைக்கே சொன்னேன்!"

போலீஸ்காரன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "எனக்கு அப்பமே இது இங்கன அடிக்கும் மாப்ள. இன்னும் மறக்கல." சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவன் தன் பெஞ்சும் ஆடியதாகச் சொன்னான். அரை நிமிடத்தில் அத்தனை பேருக்கும் சின்ன வயசு ஞாபகம் முளைத்துவிட்டது. அவர்கள் உருகிய சத்தத்தில் இசை மூழ்கிப்போனது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பொய் என்று தெரிந்து சொல்லியிருந்தால்கூட அவர்களைக் கொஞ்சம் மதித்திருப்பேன். நம்பிச் சொன்னார்கள். நான் கவுன்ட்டருக்குத் திரும்பிவிட்டேன். அங்கே ஒருவர் வெந்நீர் கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அருவியில் தண்ணீர் கூடி, குளிக்க விடவில்லை. அவர்கள் மதியத்துக்கு முன்பே அறைகளைக் காலி செய்தார்கள். பாங்க்காரன் குழுவில் அந்தச் சத்தத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்தான். நான் ஈரத் துண்டுகளை மாடியில் காயப்போட்டேன். காயவில்லை.