ஓ.எஸ். என்றுதான் அத்தை சொன்னாள்

இப்போதெல்லாம் போடியில் லினக்ஸ் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறாது என்று தெரிந்த பிறகு ஜெராக்ஸ் கடைக்காரர், கல்யாண ஆல்பம் போடுகிறவர், ஏலக்காய்க் கடைகளில் பில் அடிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவராக மிஷினைத் தூக்கிக்கொண்டு அத்தையின் சென்டருக்கு வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. போன வாரம் ஒருவர், "இம்புட்டு நாளா இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். அத்தை சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். பத்து வயதில் அதை இந்த ஊரைவிட்டுத் துரத்தியவள் நான் என்பதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் பங்குனியில் ஒரு சூட்கேஸோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுத ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை. கம்பத்து மாமா வீட்டிலிருந்து போன் வரும்போதெல்லாம் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் சீனியும் உப்பும் தேவைக்கு மேலேயே இருந்தன.

அத்தை கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். தேனியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அவளுடைய தோழி கடையை மூடியபோது நான்கு பழைய மிஷின்களை இவளுக்குக் கொடுத்துவிட்டாள். அப்பாவின் ஏலக்காய்க் கடைக்கு மேலே சாக்குகள் போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு எடுக்கட்டுமா என்று அத்தை கேட்டாள்.

அப்பா கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "ஒரு மாசம் பாரு தாயி. எட்டுப் பிள்ளைக விடாம வந்துச்சுன்னா, இவ இங்க சோலி பாக்குறான்னு கம்பத்துக்காரங்ககிட்ட நான் தைரியமாச் சொல்லுவேன். இல்லாட்டி என்னத்தச் சொல்லி ஒன்னைய இங்க வச்சுக்கிறது?" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. தங்கையை வீட்டில் வைத்துக்கொள்ள ஊருக்குச் சொல்லக்கூடிய ஒரு காரணம் அவருக்கு வேண்டியிருந்தது. தங்கை என்பதே போதுமான காரணம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த மிஷின்களில் அத்தை லினக்ஸை ஏற்றினாள். முதல் நாளே எனக்கு அது பிடித்துப்போனது. திரையின் கீழே இடது மூலையில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எல்லாம் வரிசையாக வரும். அதைவிட அதிசயம், எல்லாம் தமிழில் இருந்தது. கோப்பு, திருத்து, வெட்டு, ஒட்டு என்று வாசித்துக்கொண்டே போகலாம். குப்பை என்று ஒரு இடம் இருப்பதைக் கண்டு நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அரைமணி நேரம் சிரித்தோம். இது யாருடையது என்று கேட்டேன். "இது கம்ப்யூட்டர ஓட வைக்கிற இலவச ஓ.எஸ். உலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்" என்றாள் அத்தை.

எங்கள் ஊரில் ஏலம் என்றால் காயும் ஏலம்தான், அதைக் கூவி விற்பதும் ஏலம்தான். ஒரு சொல்லை இன்னொன்றின் மேல் ஏற்றிப் புரிந்துகொள்வது எங்களுக்குப் பழக்கமானது. இலவசம் என்கிறாள், ஓ.எஸ். என்கிறாள். இரண்டையும் கூட்டிப் பார்த்ததில் அத்தைக்கு உச்சரிப்பு சரியில்லை, அவள் ஓசி என்றுதான் சொல்கிறாள் என்று நான் முடிவுகட்டினேன். படித்தவர்கள் அதை அப்படிச் சொல்வார்கள் போல என்றும் நினைத்துக்கொண்டேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவுக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை ஓசி. ஏலம் நடக்கும் இடத்தில் மாதிரிக் காய்களைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். வாங்க வந்தவர்கள் இரண்டு காயை உரித்து, விதையைப் பார்த்து, விலை கேட்பார்கள். வாங்குகிற எண்ணமே இல்லாமல் வந்து, ஒவ்வொரு தட்டிலும் நாலு காய் எடுத்துச் சட்டைப் பையை நிரப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அப்பா அவர்களுக்கு 'ஓசிக்காய்' என்று பெயர் வைத்திருந்தார். அவர் ஒரு மனிதரை ஓசிக்காய் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்குக் காப்பிகூடக் கிடைக்காது.

வகுப்பு தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். கூடவே பெற்றவர்களும் வந்தார்கள். அப்பாவின் தொழில் கூட்டாளியான ஒரு மாமா தன் இரண்டு பையன்களோடு வந்தார். போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் காய் பறிக்க ஜீப்பில் போய்வரும் ஒரு அக்கா தன் மகளைக் கூட்டிவந்தாள். அந்தப் பிள்ளை திரையில் இருந்த தமிழை வாய்விட்டு வாசித்தபோது அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தையின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போது அந்த மாமா, "இதுல போட்டிருக்கிறது என்னாது? எங்க கடையில இருக்கிற மாதிரி இல்லையே?" என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இது எல்லாமே ஓசி மாமா. அத்தை ஒத்தப் பைசா குடுக்கல. மிஷினும் ஓசி, உள்ள இருக்கிறதும் ஓசி" என்று பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுகிற குரலில் சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அப்பாவின் தோளைத் தட்டி, "என்ன மாப்ளே, தங்கச்சிக்கு எல்லாம் ஓசியிலயே முடிச்சிட்டீகளா?" என்றார். கிண்டல்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது.

மறுநாளே கடைத்தெருவிலிருந்து ஒருவரை அப்பா கூட்டி வந்தார். அவர் பையில் ஒரு சிடி இருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவால் விண்டோஸ் என்று எழுதியிருந்தது. போடியில் பாதிக் கடைகளில் ஓடியது யாரோ நகல் எடுத்த அந்த ஒரே சிடிதான். அப்பாவின் கடை மிஷினிலும் அதுதான்.

"அண்ணே, இதுதாண்ணே திருட்டு. நான் போட்டது நல்லதுண்ணே" என்றாள் அத்தை.

"காசு குடுத்து வாங்குனது எப்பிடித் தாயி திருட்டாகும்?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்த ஆள் நான்கு மிஷினிலும் இருந்ததை அழித்து ஏற்றி முடிக்கும்வரை அத்தை ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர் போனார். இப்போதுதான் மரியாதையாக இருக்கிறது என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார்.

மரியாதை இருந்தது, மிஷின்கள்தான் ஓடவில்லை. அந்தப் பழைய மிஷின்களுக்கு அந்தப் பாரத்தைச் சுமக்கத் தெம்பில்லை. பொத்தானை அழுத்திவிட்டுப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறியது. இரண்டாவது வாரத்தில் கூட்டாளி மாமாவின் பையன்கள் வருவதை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டார்கள். தோட்டத்து அக்கா ஒருநாள் ஜீப்பை விட்டு இறங்கி நேராக மாடிக்கு வந்தாள். "அன்னைக்குத் தமிழ்ல இருந்துச்சே, அதயே போடுங்க டீச்சர். எம்புள்ளைக்கு இது ஒண்ணும் வெளங்கலையாம்" என்றாள். அத்தை அண்ணன் அனுமதி இல்லாமல் எதையும் மாற்ற மாட்டாள். ஒரு முறை கேட்டாள். ஊர் சிரித்தது போதும் என்றார் அப்பா.

மாதக் கடைசியில் நான்கு பிள்ளைகள் மிச்சம் இருந்தோம். என்னையும் சேர்த்துத்தான் நான்கு. அத்தை தினமும் காலையில் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவாள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். நானும் கூடச் சேர்ந்து உரக்க எண்ணுவேன். எட்டு என்பது அவளுக்கு என்ன என்று நான் யோசித்ததே இல்லை.

கம்பத்திலிருந்து மாமா வீட்டார் மூன்று பேர் காரில் வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நான்கு பிள்ளைகளைக் காட்டி அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று அப்பா மறுநாளே அனுப்பச் சம்மதித்தார். அம்மா சமையலறையில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். அப்பா சூட்கேஸைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, டிரைவரிடம் பார்த்துப் போகச் சொன்னார். தங்கையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். அவள் என்னைத் திட்டவே இல்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி. பஸ் நகரும்போது, "வர்றப்ப ஒங்க கம்பத்துத் திராட்சை வாங்கிட்டு வா அத்தை, கறுப்புத் திராட்சை" என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் வந்தாள். சூட்கேஸ் இல்லை, காலில் செருப்பும் இல்லை. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா நேராகக் கடைக்குப் போனார். மேல் அறையில் திரும்பவும் அடுக்கியிருந்த சாக்குகளை ஆள் வைக்காமல் தானே ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று அதன் பிறகு அவர் கேட்டதே இல்லை.

நான் வாசலில் நின்று அத்தையின் இரண்டு கைகளையும் பார்த்தேன். திராட்சை இல்லை. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.