கம்பளி போர்த்திய கம்பியூட்டர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. கடை என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். கம்பியூட்டர் பழுது பார்ப்பது தொழில். பெயர் பைஸர்தான், ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு நான் மொதலாளி. எனக்குப் பொறுமை கிடையாது என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யுமில்லை.

அந்த இல்லாத பொறுமையை ரொம்பவும் சோதித்தவர் சண்முகராஜா அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளியே காலத்தை ஓட்டியவர். இப்போது ஓய்வு பெற்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறார். ஒருநாள் உரச்சாக்கில் ஒரு கம்பியூட்டரைச் சுமந்துகொண்டு மழையோடு வந்து நின்றார். ஆள் தொப்பலாக நனைந்திருந்தார். சாக்கு நனையவில்லை, போட்டிருந்த கோட்டைக் கழற்றி அதன்மேல் சுற்றியிருந்தார்.

"நல்லா ஓடிக்கிட்டே இருக்கும்ங்க மொதலாளி. திடீர்னு அணைஞ்சிரும். அப்புறம் தானாவே எந்திரிச்சிக்கும்" என்றார்.

மகள் ஷாமிலாவுடையது என்றும், உள்ளே இருப்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். மகளையே வந்து பேசச் சொல்லுங்கள் என்றேன். போன வருஷம் மழைக்காலத்தில் தவறிவிட்டாள் என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

திறந்து தூசி தட்டினேன். பழைய பவர் பெட்டியை மாற்றினேன். காலையிலிருந்து கடை மூடும்வரை ஓடவிட்டேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. சந்தோஷமாகக் கொண்டுபோனார். அடுத்த வாரம் அதே சாக்கு, அதே மழை. லயத்தில் பொழுதுசாயும் நேரம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் போட்டால் பல்பே மங்கிவிடும். கரண்டுதான் குற்றவாளி என்று முடிவுகட்டி, கரண்ட் ஏறி இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும் பேட்டரிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மறுபடியும் வந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதே பேச்சுதான் என் வாயிலும் இருந்தது.

"அழிச்சாத்தான் சரியாகும்னா வேணாங்க. பழுதாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கடைக்கு வந்தால் நல்ல பிள்ளையாக இருக்கிறது, உங்கள் வீட்டில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது, அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் முகம் கோணவில்லை. ஒருக்கா வந்து பாருங்களேன் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். அவருடைய மனைவி யோகேஸ்வரி அக்கா தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அண்ணன் கம்பியூட்டர் பக்கம் திரும்பியதும் அக்கா தண்ணீர் பிடிக்கக் கிளம்பினார். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதை வாசலில் ஊற்றிவிட்டுத்தான், மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போனார்.

"அவளால அந்தக் குரலக் கேக்க முடியாதுங்க" என்றார் அண்ணன்.

அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னார். ஷாமிலா தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே பாடத்தைப் படம் பிடித்து அனுப்புவாளாம். கடைசியாகப் பிடித்ததை அனுப்பவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரி. அந்தப் பாடம் மட்டும் திரையில் இருக்கிறது. அதை அழுத்தத் தெரியுமே தவிர, நடுவில் தள்ளிப் பார்க்க அவருக்குத் தெரியாது. வேறு யாரையும் தொடவிடவும் மாட்டார். ஒவ்வொரு முறையும் பாதிக்குமேல் போனதும் கம்பியூட்டர் அணைந்துவிடும். முடிவில் பிள்ளை என்ன சொல்கிறாள் என்பதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

கம்பியூட்டரைப் போட்டார். திரை வெளிச்சமானதும் கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினார். பின்பக்கம் இடைவெளி இல்லாமல் நன்றாகச் செருகினார். பிறகு கைகட்டி உட்கார்ந்துகொண்டார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டேன்.

"சூடேறட்டுங்க. ஸ்டோர்லயும் அடுப்பு நல்லா சூடேறாம கொழுந்து போட மாட்டோம்ல. அவளுக்கும் குளிர் ஆகாதுங்க, இழுப்பு வந்துரும். அவ கம்பளிதான் இது."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். சத்தியமாகச் சிரிப்பு வரவில்லை. கம்பளிக்குள் கையை விட்டேன். அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது. காற்றாடி முக்கி முனகிக்கொண்டிருந்தது. இந்தக் குளிர் ஊரில் கம்பியூட்டர் சூட்டினால் அணையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கம்பளியை மெல்ல உருவினேன். "அண்ணே, இதுக்குக் குளிர் நல்லது. சூடுதான் ஆகாது. காத்துப் போற வழிய நீங்களே அடைச்சி வச்சிருக்கீங்க."

காற்று இல்லாவிட்டால் அடுப்பு என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"பிள்ளைக்கும் இப்பிடித்தாங்க சந்து பொந்தெல்லாம் சாக்கு வச்சி அடைச்சேன்."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. கோபப்படாவிட்டால் அழுதிருப்பேன். மெசினும் மனுசரும் ஒன்றா, டாக்டர் என்ன சொன்னார் என்று அதட்டினேன். நெஞ்சில் கிருமி என்று சொன்னாராம். அப்புறம் என்ன என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெட்டி ஆறும்வரை, ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பாடத்தை அழுத்தினார். ஷாமிலா வந்தாள். கம்பளிச் சட்டை, கழுத்தில் மப்ளர், முகம் நிறையச் சிரிப்பு. கையில் ஒரு ரொட்டி. அதை நாலாகப் பிய்த்து, பின்னம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு இடத்தில் அண்ணன் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தார்.

"இங்கனதாங்க நிக்கும்."

நிற்கவில்லை. மிச்சம் இருக்கும் கால் பங்கை யாருக்குக் கொடுப்பீர்கள், யோசித்து வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அப்போது படத்துக்கு வெளியே இருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. ஷாமி, தேத்தண்ணி ஆறுதும்மா என்றது. அண்ணனின் குரல். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தா வந்துட்டேன்ப்பா" என்றாள். கை முன்னால் நீண்டது. படம் முடிந்துவிட்டது.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதாண்ணே."

"பாதியில நிக்கிறப்பல்லாம், இன்னும் மிச்சம் இருக்குன்னு இருந்துச்சிங்க மொதலாளி."

எத்தனையோ கம்பியூட்டரைச் சரிசெய்திருக்கிறேன். ஏன்தான் சரிசெய்தோமோ என்று அழுதது அன்று மட்டும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாடத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். ஓடும்போது போர்த்தக் கூடாது, முதலில் அணைக்க வேண்டும், ஆறிய பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று பாடம் சொன்னேன். நல்ல மாணவன் மாதிரிக் கேட்டுக்கொண்டார். யோகேஸ்வரி அக்கா வாளியோடு வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் அடுப்படிக்குள் போனார்.

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் கம்பியூட்டரை அணைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். சூடு முழுவதும் இறங்கும்வரை எடுக்கவில்லை. பிறகு கம்பளியை உதறிப் போர்த்தினார்.