உள்ளே ஆள் இருக்கிறது

பச்சை நைலான் பட்டை பின்னிய மடக்கு நாற்காலி. மொத்தம் பதினான்கு பட்டைகள், இரண்டு அறுந்துவிட்டன. என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸை விட்டு இறங்கிப் போன காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, கழுத்தில் பைனாகுலர், முகத்தில் சண்டைக்குப் போகிற களை.

எங்கள் பிளாக்கின் கடைசியில், குழாய் பதிக்கத் தோண்டிய செம்மண் வெகுநாளாக மேடாகக் கிடந்தது. அதன் செங்குத்தான பக்கத்தில் ஏழு பொந்துகள். எலி வளை என்றேன் நான். அவள் ஜன்னலில் நின்று பார்த்துப் பார்த்து, பஞ்சுருட்டான் என்றாள். பச்சை உடம்பு, கண்ணோடு சேர்த்து இழுத்த மை போல ஒரு கறுப்புக் கோடு, வாலின் நடுவே கம்பியாக நீண்ட இறகு. மரத்தில் கூடு கட்டாது. மண்ணைக் குடைந்து முட்டையிடும். "எந்த ஊர் எலி தட்டானைக் கவ்விக்கிட்டு பறந்து வருது?" என்று கேட்டாள்.

அன்று அந்த மேட்டைச் சமன்செய்ய டோசர் வந்தது. எங்கள் ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணெல்லாம் கழிவு. அள்ளிக் கொட்டிப் பழகிய ஊர். அவள் மேட்டுக்கு முன்னால் நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். எஞ்சினை அணைக்காமலே கத்தினார்.

"யம்மா, ஷிப்ட் முடியறதுக்குள்ள தள்ளியாவணும். எந்திரிங்க."

"குஞ்சு பறக்கட்டும், எந்திரிக்கிறேன்."

"அதுங்களுக்கு யாரு குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணாங்க?"

"நீங்க கான்ட்ராக்ட். அது பெர்மனென்ட்."

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் பதறிப்போய், வீட்டுக்கு வா என்று கெஞ்சினேன். எனக்குச் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் வேலை. உள்ளே இறங்கியவர்களின் டோக்கன்களை எண்ணுவேன். கடைசி ஆள் மேலே வரும்வரை அந்த ஷிப்டின் கணக்கை மூட மாட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள ஆள் இருக்கும்போது நீங்க கணக்கை மூடுவீங்களா?"

அந்த நேரம் ஒரு பஞ்சுருட்டான் தட்டானோடு வந்து, டோசரின் தகட்டில் உட்கார்ந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் பொந்துக்குள் நுழைந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். "வூடு கட்டிக்கினு இருக்குதுங்க. வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு சொல்லிக்கிறேன்" என்றார். குஞ்சுகள் பறக்கும்வரை அந்த வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. பதினொன்று பறந்தன. நான்தான் எண்ணினேன்.

அவள் இப்போது இல்லை. ஓய்வுபெற்று, பக்கத்திலேயே வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டி வந்துவிட்டேன். எதிர் மனையில் கொட்டிக் கிடக்கும் மண்மேட்டில் நான்கு பொந்துகள். இன்று ஜேசிபி வருகிறது என்று நேற்றே மனைக்காரர் சொல்லிவிட்டார். குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள் என்றேன். "குருவிக்கோசரம் வேலைய நிறுத்தினா ஊரே சிரிக்குங்க, பெரியவரே" என்றார். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களையும் எண்ணிக்கொள்கிறேன்.

விடிந்ததும் நாற்காலியை மேட்டுக்கு முன்னால் விரித்துவிட்டேன். முழங்கால் குடைகிறது. பாட்டில் தண்ணீர் வெயிலில் வெந்நீராகிவிட்டது. வெயிலில் உட்காராதீர்கள் என்று மகள் மூன்று முறை போன் செய்துவிட்டாள். தெருமுனையில் மஞ்சள் வண்டி திரும்புகிறது. நான்கு பொந்துகளில் மூன்றுக்குள் தட்டான் போயிருக்கிறது.

உள்ளே ஆள் இருக்கிறது. கணக்கை மூட மாட்டேன்.