தக்காளிக் கூடையும் சின்ன ஆர்கனும்

“இம்புட்டுப் பொட்டிக்குள்ள அம்புட்டுச் சத்தமும் இருக்குமா வாத்தியாரே?”

அறுபதுகளில் கன்னிவாடியில் அருளப்பன் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்று திண்டுக்கல் கடையில் கைக்கடக்கமான கீபோர்டு ஒன்றைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

அப்போது எங்கள் சர்ச்சில் ஒரு கரண்ட் ஆர்கன் இருந்தது. பக்கத்து ஊர்ப் பாட்டுக் கூட்டங்களுக்கு அதை வண்டியில் ஏற்ற நான்கு பேர் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு வியாபாரி சூட்கேஸ் அளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். “பழசக் குடுத்துட்டு இத வச்சுக்கங்க” என்றார். வாசித்தும் காட்டினார். காதுக்கு இதமாக இருந்தது. பாடகர் குழுவை நடத்திய நான் தலையாட்டிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அருளப்பன் தக்காளி பயிரிடுகிறவர். கூடையின் மேல்வரிசையை நம்பாமல் கவிழ்த்துப் பார்த்தே வாங்கும் சந்தையில் பழகியவர்.

“நடுவுலயே வாசிக்கிறீகளே அப்பு, ஓரத்துக்குப் போகமாட்டீகளா?”

“பாட்டுக்கு அந்த ஓரக் கட்டையெல்லாம் தேவைப்படாதுங்க” என்றார் வியாபாரி.

“அப்ப எதுக்கு வச்சிருக்கு?” என்றபடி அருளப்பன் இடது கோடிக் கட்டையை அழுத்தினார். சத்தமில்லை. அடுத்ததிலும் இல்லை. ஏழாவதுதான் லேசாக முனகியது.

வியாபாரி பெட்டியை மூடினார். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் பழைய ஆர்கனை நான்கு பேர் தூக்கினோம். தலையாட்டிய குற்றத்துக்கு, கனமான முன்பக்கம் எனக்கு.

இன்று கடைக்காரரும் நடுவில்தான் வாசித்துக் காட்டினார்.

சின்னதாக வாங்குங்கள், தவறில்லை. விற்பவர் கையை எடுத்த பிறகு, இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக நீங்களே அழுத்திப் பாருங்கள்.