இடுப்புச் சுவருக்கு மேல் ஒரு திரை

இலங்கையில் மறுபடியும் சண்டை மூண்ட ஆண்டு அது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக நான் பார்த்த கடைசி வேலை அப்போதுதான் வந்து சேர்ந்தது. கடல் கடந்து வருகிறவர்களைப் பதிவு செய்து, வீடு ஒதுக்கும்வரை தங்கவைக்கும் அரசு மையம் ஒன்று வைகை அணைக்கு அருகில் இருந்தது. அணை கட்டிய காலத்துச் சிமெண்டுக் கிடங்குதான் அது. அதைச் சீரமைத்துத் தரவேண்டும். கூரைத் தகரங்களை மாற்றினேன். உள்ளே குடும்பத்துக்கு ஓர் இடமாகத் தடுப்புச் சுவர்களை எழுப்பினேன். வரைபடத்தில் சுவரின் உயரம் இடுப்பளவே. வாசலில் நின்றபடியே ஆட்களை எண்ணிவிடுவது அந்த அலுவலகத்தின் நடைமுறை.

விடியுமுன் நீராடிப் பதிகம் ஓதிவிட்டு வேலைக்குப் போவது என் வழக்கம். ஒருநாள் அப்படிப் போனபோது, வயது வந்த இரு பெண்களுடன் மன்னாரிலிருந்து வந்திருந்த தாய் ஒருத்தி என்னை வழிமறித்தார்.

"ஐயா, உடுப்பு மாத்தேலாமல் கிடக்கு. ஒருத்தி சேலையை விரிச்சுப் பிடிக்க மற்றவள் மாத்துறாள். ராவில நான் கண் மூடுறேல்லை. பிள்ளையளுக்கு ஒரு மறைப்புத் தாங்கோ."

அடைக்கலம் என்ற சொல்லை நாள்தோறும் நாவினிக்கப் பாடிவிட்டு, அடைக்கலமாக வந்தவரிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. மையத்தின் பொறுப்பதிகாரியிடம் சுவரை உயர்த்த அனுமதி கேட்டேன். வரைபடத்தில் உள்ளதற்கு மேல் ஒரு செங்கல்லும் ஏறக்கூடாது என்றார். சரி, செங்கல் ஏறாது. மறைப்பு ஏறும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஓடைப்பட்டியில் விவசாயி ஒருவர் தம் திராட்சைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கம்பியைச் சுருளாகக் கட்டிக் கொடுத்தார். போடியில் ஏலக்காய் வணிகர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர், பழைய சாக்குகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அந்தத் தாயும் மகள்களும் மற்றப் பெண்களும் சாக்குகளைப் பிரித்து ஒட்டுத் தைத்தார்கள். கிடங்கு முழுக்க ஏலக்காய் மணந்தது. பந்தல் வேலை தெரிந்த இருவர் வந்து, கொடியின் பாரத்துக்கு இழுப்பதுபோலவே சுவர்களுக்கு மேலே கம்பியைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினார்கள்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். "ஓவர்சியர் ஐயா இங்கன பந்தல் போட்டாக. இனி கொத்துக் கொத்தாக் காய்க்க வேண்டியதுதான்" என்றார். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். இடுப்புச் சுவர்களுக்கு மேல் சாக்குத் திரைகள் தொங்குவதைக் கண்டதும் முகம் கறுத்தது.

"யாரைக் கேட்டு இதைக் கட்டுனீக, பெரியவரே? ஆளை எப்படி எண்ணுறது? மேல இருந்து இன்ஸ்பெக்சன் வந்தா நான்ல பதில் சொல்லணும். இறக்குங்க."

அந்தத் தாய் திரையோரத்தைப் பற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். பிரதோஷம் தோறும் கோயிலில் என் பக்கத்தில் நிற்பவர்தான் அந்த அதிகாரி.

"சாமிக்கு அலங்காரம் பண்றப்பத் திரை போடுறோம். திறக்குற வரைக்கும் நீங்களும் நானும் வெளியிலதான சார் நிக்கிறோம்? இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாமா?" என்றேன்.

மணியடித்தால் எல்லாரும் திரைக்கு வெளியே வந்து நிற்பார்கள், எண்ணிக்கொள்ளலாம், ஒருவர் குறைந்தாலும் நானே திரைகளை அவிழ்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதிகாரி தலையசைக்க, வாட்ச்மேன் மணியடித்தார். குடும்பம் குடும்பமாக வந்து அவரவர் திரைக்கு முன் நின்றார்கள். கடைசித் திரைவரை எண்ணிப்போன வாட்ச்மேன், திரும்பி வந்து மறுபடியும் எண்ணினார். ஓர் ஆள் குறைந்தது. அந்தத் தாயின் பக்கத்தில் மூத்தவள் மட்டுமே நின்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். கொடுத்த வாக்கு வாக்குத்தான். நான் கம்பியின் முடிச்சை நோக்கி நடந்தேன்.

உள்ளிருந்து இளையவளின் குரல் வந்தது. "தலை வாரிக்கொண்டு நிக்கிறன் அம்மா. இந்தா வாறன்."

தாய் பதறித் திரையை விலக்கப் போனார். அதிகாரி கைகாட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும் தாயி. சீவி முடிச்சுட்டு வரட்டும்."

என் கை முடிச்சிலிருந்து இறங்கியது. திரையைப் பார்த்தபடி நாங்கள் வெளியே நின்றோம்.