பூவண்டி விளக்குக்கு நானே போட்ட ஜாயிண்ட்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் வாயில் வருகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் திணறிப்போவார்கள் என்று புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். அதில் கை வைத்தால் அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தள்ளுவண்டியில் பூ விற்கிறேன். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தோம். அங்கிருந்து எங்களைத் தூக்கி ஊருக்கு வெளியே மாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். லிஃப்ட் இருக்கிறது, சில நாள் ஓடவும் செய்கிறது. பூ வாங்கத்தான் ஆள் இல்லை. காலையில் வடை வாங்குகிறவர்கள்கூட உண்டு, பூவுக்கு நின்று பேரம் பேச ஒருத்தரும் கிடையாது. அதனால் பஸ் மாறி மாறி மயிலாப்பூருக்கே வருகிறேன். வீட்டை விட்டுக்கொடுத்தாயிற்று. வண்டி நிற்கிற இடத்தையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தது ஒரு ஒயரால்.

வண்டிக்கு அடியில் ஒரு பேட்டரி, மேலே மூங்கில் கழியில் ஒரு எல்.இ.டி. விளக்கு. பூ வியாபாரத்துக்கு விளக்கு இல்லாமல் முடியாது. மயிலாப்பூர்க்காரர்கள் மல்லியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விளக்கு மங்கினால் நேற்றைய பூ என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒருமுறை ஒயர் வண்டிச் சக்கரத்தில் மாட்டி அறுந்தபோது, பூ கட்டுகிற பழக்கத்தில் நானே இரண்டு முனையையும் முறுக்கி, வாழைநாரால் முடிச்சுப் போட்டு, மேலே டேப் சுற்றிவிட்டேன். என் முடிச்சு அவிழாது. சாமி ஊர்வலத்தில் கொட்டுகிற மழையில்கூட என் மாலை அவிழ்ந்தது கிடையாது.

ஆனால் பூக்காரியின் கை எப்போதும் ஈரம். கோணி ஈரம், கூடை ஈரம், நேரத்துக்கு நேரம் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். தெளித்த தண்ணீர் கழி வழியாக இறங்கி அந்த முடிச்சில் போய் உட்கார்ந்தது. நார் வேறு தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துவிட்டது எனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் விளக்கு துடித்தது, டேப் உருகி நாறியது, புகை வந்தது.

எனக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் பொம்மைக் கடை. அவர் போட்ட கூச்சலில் எங்கள் தெருவோர வியாபாரிகளுக்குத் தலைவராக இருக்கிறவர் வந்துவிட்டார். என் மகன் வயதுதான், மீசை மட்டும் பெரியது.

"இன்னா ஆயா, தெருவையே கொளுத்திடுவ போலகீதே."

"இத்துனூண்டு பொகை நைனா. சாம்பிராணி போட்டதா நெனச்சுக்கோ."

"வெளாடாத. பக்கத்துல பூரா பிளாஸ்டிக்கு. நாளிக்கு சாயங்காலம் வந்து பாப்பேன். லைட்டு ஒழுங்கா இருக்கணும். இல்லாங்காட்டி வண்டிய அந்தக் கோடிக்குத் தள்ளிக்கினு போயிடு."

அந்தக் கோடி என்றால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில். சாமிக்குப் பூ வாங்குகிறவர்கள் அங்கே வருவார்களா? வரமாட்டார்கள். அவருக்கும் அது தெரியும்.

எனக்கு அந்தப் பக்கம் வளையல் கடை போட்டிருக்கிறவள், என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் மூத்தது. "எலட்ரீசன் யாரையாவது இட்டாந்து காட்டுக்கா" என்றாள்.

"இதுக்கு மின்ன ஒரு தபா வந்தவனும் முறுக்கி டேப்புதான் சுத்துனான். அதுக்கு நான் பத்தாதா? நானே போடுறேன், வேற மாதிரி."

"நீயா?"

"ஏன், கரண்டு என்னைப் பாத்தா வெக்கப்படுமா?"

மறுநாள் காலை வருகிற வழியில் அடையாறு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவுக்கு ஒயரிங் சாமான் விற்கிற ஒரு பாய் கடைக்குப் போனேன். பச்சை பிடித்த ஒயர்த் துண்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். பாய் அதை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"வண்டிய எடுத்துக்கினு வரச் சொல்லும்மா. நம்மாளு போட்டுக் குடுப்பாரு."

"மயிலாப்பூர்லேர்ந்து வண்டிய தள்ளிக்கினு வந்தா நாளிக்குத்தான் வந்து சேருவேன் பாய். முறுக்காம ஜாயிண்ட் போடுற சாமான் இன்னா கீதோ குடு, நானே போட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று குட்டிக் குட்டிக் குழாய்கள். கனெக்டராம். இந்த முனையில் ஒரு ஒயர், அந்த முனையில் ஒரு ஒயர், நடுவில் அழுத்தினால் இரண்டையும் கவ்விக்கொள்ளும். எழுத்து பார்த்து வாங்கவேண்டியதில்லை, கலர் பார்த்தால் போதும். எனக்காகவே செய்தமாதிரி இருந்தது. நான் மஞ்சளை அள்ளினேன்.

"அது வாணாம்மா. அது தடி ஒயருக்கு. உன்னுது மெல்லிசு, செவப்பு எடு."

"மொத மொதல்ல செய்யுற காரியம் பாய். மஞ்சள்தான் மங்களம்."

"கல்யாணத்துக்கு மங்களம் பாரு. ஒயருக்கு சைஸு பாரு."

நான் கேட்கவில்லை. மஞ்சளைத்தான் பையில் போட்டேன். அவர் மேலே கொஞ்சம் சிவப்பையும் தூவினார்.

"தண்ணி படுற எடமாம்மா?"

"பூவண்டி. தண்ணி படாத எடமே கெடையாது."

அப்படியென்றால் மேலே மாட்டுகிற ஸ்லீவில் உள்ளே பசை தடவிய ஜாதி வேண்டும் என்று கருப்பாக ஒரு குழாயை வெட்டிக் கொடுத்தார். சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், பசை உருகித் தண்ணீர் போகிற வழியை அடைத்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு பியூஸும் வைத்தார். இது இருந்திருந்தால் புகைவதற்கு முன்பே பியூஸ் போய் கரண்டை நிறுத்தியிருக்கும் என்றார். அழுத்துவதற்குக் கட்டிங் பிளேயர் போதாது, பல்லு மாதிரி பள்ளம் வைத்த தனிக் கருவி வேண்டுமாம். அதை இரவல் கொடுத்தார்.

மத்தியானம் கோயில் நடை சாத்தியதும் தெரு தூங்கும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த முனையில் பியூஸை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். பச்சை பிடித்த கம்பியெல்லாம் போய், பளிச்சென்று செம்பு தெரிகிறவரை வெட்டினேன். தோலை உரித்தேன். மஞ்சள் கனெக்டரில் நுழைத்து, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அழுத்தினேன். மாலை கட்டி முடித்ததும் ஒரு இழு இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். அதேபோல இழுத்தேன். ஒயர் வெண்ணெயில் வழுக்கினமாதிரி வெளியே வந்தது.

"இன்னாக்கா, மங்களம் கையோட வந்துடுச்சி" என்றாள் வளையல்காரி.

சிவப்பை எடுத்தேன். ஒயர் அதில் சிக்கென்று நுழைந்தது. அழுத்தினேன், இழுத்தேன். வரவில்லை. காலை வண்டிச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். அப்போதும் வரவில்லை. எனக்கு ஆட வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் கருப்பு ஸ்லீவைக் கையில் எடுத்தேன். இனி எந்த முனை வழியாக அதை ஒயரில் கோப்பது? ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் பியூஸ், நடுவில் அழுத்தின கனெக்டர்.

"ரவிக்கை போடுறதுக்கு முன்னாடியே பொடவைய சுத்திக்கினியே அக்கா."

"சுத்துனத அவுத்துட்டு மறுபடி கட்டுனா யாரு இன்னா கேக்கப்போறாங்க? நீ வந்து கொடையப் புடி."

அழுத்தினதை வெட்டி எறிந்தேன். இந்தமுறை முதலில் ஸ்லீவை ஒயரில் கோத்துத் தள்ளிவைத்துவிட்டு, அப்புறம் சிவப்புக் கனெக்டர், அப்புறம் அழுத்தல். சிவப்பு ஒயருக்கு ஒரு ஜாயிண்ட், கருப்பு ஒயருக்கு ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் புடைத்துக்கொண்டு நிற்குமென்று, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்தேன். இது யாரும் சொல்லித் தரவில்லை. கதம்பத்தில் ரோஜாவுக்குப் பக்கத்திலேயே ரோஜா வைப்போமா?

டீக்கடையில் சிகரெட் லைட்டர் வாங்கி வந்து, வளையல்காரி குடையால் காற்றை மறைக்க, ஸ்லீவுக்குக் கீழே சுடரை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகிவிடும். கொஞ்சநேரம் சும்மா இருந்த குழாய், திடீரென்று ஒயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. இரண்டு ஓரத்திலும் பசை முத்து முத்தாக எட்டிப் பார்த்தது. இவ்வளவு வயதுக்கு எவ்வளவோ பார்த்தாயிற்று. இப்படி ஒரு சாமான் சொன்னபடி கேட்டு நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் தலைவர் வந்தார். விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

"யாரு ஆயா போட்டது?"

"நான்தான்."

"சும்மா கதை வுடாத. ஆள் பேர சொல்லு."

பூவுக்குத் தெளிக்கிற சொம்பை எடுத்து, இரண்டு ஜாயிண்ட் மேலேயும் தண்ணீரைக் கவிழ்த்தேன். பொம்மைக் கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். விளக்கு இமைக்கக்கூட இல்லை.

"போதலன்னா இழுத்துப் பாரு நைனா."

"அறுந்தா வண்டி கோடிக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

"இழு."

மீசை துடிக்க இழுத்தார். ஜாயிண்ட் அசையவில்லை. மூங்கிலில் விளக்கைப் பிடித்திருந்த ஆணிதான் பிடுங்கிக்கொண்டது. விளக்கு விழப்போனதை அவரே இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். எரிந்துகொண்டே இருந்தது. தெருவே சிரித்தது.

"புடுங்கினவங்கதான் புடிக்கணும்" என்றேன். "ஆணி அடிக்கிற வரிக்கும் வண்டி இங்கதான் நிக்கும். அடிச்ச பொறவும் இங்கதான் நிக்கும்."

"நிக்கட்டும் ஆயா, யாரு வாணான்னா. இத்த மொதல்ல வாங்கு, கை சுடுது."

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா வந்து, "மல்லி ஃப்ரெஷ்ஷா இருக்கா?" என்று குனிந்தார்.

"நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு நைனா."

காட்டினார். நான் முழம் போட ஆரம்பித்தேன்.